வாடகை குறைவுதான், அப்பா எங்கே?

மும்பை புறநகரில் வீடு தேடும் தமிழருக்கு ஒரு கணக்கு

மும்பையில் தனி ஆளாக வேலை பார்க்கும் தமிழருக்கு வீடு ஒரு பிரச்சினையே அல்ல. நான்கு பேர் சேர்ந்து ஒரு கோலி எடுக்கிறார்கள். மெஸ்ஸில் சாப்பாடு. இரவு படுக்க ஒரு பாய். அவ்வளவுதான்!

கல்யாணம் ஆகிறது. குழந்தை பிறக்கிறது. "எத்தனை நாளைக்கு நான் இங்கேயும் நீங்க அங்கேயும் இருக்கிறது?" என்று மனைவி ஊரில் இருந்து போனில் கேட்கிறாள். குடும்பத்தை அழைத்து வருவது என்று முடிவாகிறது. அப்போதுதான் பிரச்சினை ஆரம்பமாகிறது.

உடனே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வாடகை எங்கே குறைவு?" என்பதுதான்.

சம்பளக்காரர் அப்படிக் கேட்பதில் தவறு இல்லை. ஆனால் அது பாதிக் கேள்விதான். மீதிப் பாதியைக் கேட்காமல் வீடு எடுத்தவர்கள் பலர், ஒரே ஆண்டில் தட்டுமுட்டுச் சாமான்களை டெம்போவில் ஏற்றி வேறு இடம் தேடுகிறார்கள். அதற்குள் ஏஜெண்டுக்கு இரண்டு முறை கமிஷன். குழந்தைக்கு இரண்டு பள்ளிக்கூடம்!

மீதிப் பாதிக் கேள்வி இதுதான்: "அந்த வீட்டில் என் மனைவியும் குழந்தையும் ஒரு நாளை எப்படிக் கழிப்பார்கள்? அந்த ஒரு நாளில் நான் எத்தனை மணி நேரம் அவர்களோடு இருப்பேன்?"

நூறு ஆண்டுக் கதை

இந்தக் கேள்வி இன்றைக்குப் புதிதாக வந்தது அல்ல.

இந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் 1853 ஏப்ரல் 16-ந் தேதி போரிபந்தரில் இருந்து தாணாவுக்கு ஓடியது. தூரம் சுமார் 34 கிலோ மீட்டர். அன்று முதல் இந்த நகரம் தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்து வந்திருக்கிறது.

கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் வேலை பார்த்த தென்னாட்டுக் குமாஸ்தாக்கள், 1920, 1930-களில் புதிதாக எழுந்த மாதுங்காவில் குடியேறினார்கள். அன்று மாதுங்கா ஊருக்கு வெளியே இருந்த புறநகர். கோவில் வந்தது, காய்கறி மார்க்கெட் வந்தது, 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றி, பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் வந்தன. தோல் பதனிடும் தொழிலுக்கும் கூலி வேலைக்கும் திருநெல்வேலிச் சீமையில் இருந்து வந்தவர்கள் தாராவியில் தங்கினார்கள்.

பிறகு வந்தவர்களுக்கு மாதுங்காவில் இடம் இல்லை. வாடகையும் கட்டுப்படி ஆகவில்லை. சயான், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, கல்யாண் என்று நகர்ந்தார்கள். 1992-ல் கடற்கழியைத் தாண்டி வாஷிக்கு ரெயில் வந்ததும், நவி மும்பைக்கும் குடி போனார்கள். இன்று அம்பர்நாத், பத்லாப்பூர், நாலாசோப்பாரா, விரார், பன்வெல் வரையில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு தலைமுறையும் சில ஸ்டேஷன்கள் தள்ளிப் போயிருக்கிறது. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் உள்ள தூரம்தான் கூடிக்கொண்டே போகிறது.

முதலில் ரெயில் பாதை

வீடு தேடுவதற்கு முன்பு, ஆபீஸ் எந்த ரெயில் பாதையில் இருக்கிறது என்று பாருங்கள்.

மேற்கு ரெயில்வே பாதை சர்ச்கேட்டில் இருந்து அந்தேரி, போரிவிலி, விரார் வழியாக தகாணு ரோடு வரை போகிறது. மத்திய ரெயில்வே பாதை சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினசில் இருந்து தாதர், தாணா வழியாகக் கல்யாண் போய், அங்கே கசாரா பக்கமும் கர்ஜத் பக்கமும் இரண்டாகப் பிரிகிறது. துறைமுகப் பாதை வாஷி வழியாகப் பன்வெல் போகிறது. தாணாவில் இருந்து வாஷிக்கும் பன்வெலுக்கும் ஒரு குறுக்குப் பாதை உண்டு.

ஆபீஸ் லோயர் பரேலில். வீடு கல்யாணில் என்றால், தினமும் பாதை மாற வேண்டும். படி ஏறி, பாலம் தாண்டி, மறுபடியும் கூட்டத்தில் இடிபட வேண்டும். அந்தப் பாலங்களின் நெருக்கடி எப்படிப்பட்டது என்பதை 2017 செப்டம்பர் 29-ந் தேதி நாடே பார்த்தது. எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைபாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் இறந்து போனார்கள்.

ஆகவே, ஆபீஸ் இருக்கும் பாதையிலேயே வீடு தேடுவது முதல் விதி. மாறித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு மாற்றம். அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது மெட்ரோ ரெயிலும் வந்திருக்கிறது. வெர்சோவா - காட்கோப்பர் மெட்ரோ 2014-ல் ஓடத் தொடங்கியது. பூமிக்கு அடியில் கபே பரேடு முதல் ஆரே வரை செல்லும் பாதை 2025 அக்டோபரில் முழுவதும் திறக்கப்பட்டது. ஆபீஸ் அந்த வழியில் இருந்தால் லாபம்தான். ஆனால் மெட்ரோ கட்டணம் வேறு, மின்சார ரெயில் சீசன் பாஸ் வேறு. இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

கிலோ மீட்டர் அல்ல, நிமிடம்!

மத்திய ரெயில்வேயில் டெர்மினசில் இருந்து முலுண்டு சுமார் 31 கிலோ மீட்டர். டோம்பிவிலி 48. கல்யாண் 54. பத்லாப்பூர் 68. மேற்கில் சர்ச்கேட்டில் இருந்து போரிவிலி 34. விரார் 60.

இந்தக் கிலோ மீட்டர் கணக்கு பாஸ் எடுப்பதற்குத்தான் உதவும். வாழ்க்கை நடப்பது நிமிடக் கணக்கில்.

கோட்டையில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தாவை உதாரணத்துக்கு எடுத்துக் கொள்வோம். அவர் பத்லாப்பூரில் வீடு எடுக்கிறார். வீட்டில் இருந்து ஸ்டேஷனுக்கு 15 நிமிடம். வண்டிக்குக் காத்திருப்பது 10 நிமிடம். ரெயிலில் 90 நிமிடம். இறங்கி ஆபீசுக்கு நடக்க 15 நிமிடம். ஆக மொத்தம் 130 நிமிடம். போக வர 260 நிமிடம். மாதம் 25 நாள் வேலை என்றால் 108 மணி நேரம் ஆகிறது. அதாவது, மாதத்தில் நாலரை நாள் முழுவதும், இரவு பகலாக, அவர் வழியிலேயே இருக்கிறார்!

அதே குமாஸ்தா முலுண்டில் குடி இருந்தால்? நடந்து 10 நிமிடம்; காத்திருக்க 5; ரெயிலில் 55; மறுபடி 15. மொத்தம் 85 நிமிடம். மாதம் 71 மணி நேரம்.

வித்தியாசம் மாதத்துக்கு முப்பத்து ஏழரை மணி நேரம்.

இப்போது பணத்துக்கு வருவோம். பேச்சுக்கு, பத்லாப்பூரில் வாடகை 5 ஆயிரம் ரூபாய் குறைவு என்று வைத்துக் கொள்வோம். ஷேர் ரிக்ஷாவுக்குப் போக வர 40 ரூபாய் வீதம் மாதம் ஆயிரம். குழந்தையின் பள்ளி வேனுக்கு 1,200. கோடைக்காலத்தில் தண்ணீருக்கு 500. பாஸ் வித்தியாசம், ரெயில் தாமதமான நாளில் ஆட்டோ என்று 300. ஆக 3 ஆயிரம் போய்விட்டது. மிச்சம் 2 ஆயிரம்.

முப்பத்து ஏழரை மணி நேரத்தைக் கொடுத்து 2 ஆயிரம் ரூபாய் வாங்குகிறார். மணிக்கு 53 ரூபாய்!

இது எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு அல்ல. உங்கள் வாடகையைப் போட்டு, உங்கள் நிமிடத்தைப் போட்டு, நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மிச்சம் மணிக்கு 150, 200 ரூபாய் என்று வந்தால், தூரத்து வீடே மேல். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கணக்குப் போடாமல் போவதுதான் தவறு.

தூங்கும் முகம்

பணத்தில் எழுத முடியாத கணக்கு ஒன்றும் இருக்கிறது.

காலை ஆறரை மணி வண்டியைப் பிடிக்க ஓடுகிற தகப்பன், குழந்தை கண் விழிப்பதற்கு முன்பே போய்விடுகிறான். இரவு ஒன்பதரை மணிக்கு வீடு திரும்பும்போது குழந்தை தூங்கிவிடுகிறது. திங்கள் முதல் சனி வரை அவன் பார்ப்பது தூங்கும் முகத்தைத்தான்.

குடும்பத்தை ஊரில் விட்டிருந்தபோது அவன் குழந்தையை வருடத்துக்கு ஒரு மாதம் பார்த்தான். அழைத்து வந்த பிறகு, வாரத்துக்கு ஒரு நாள் பார்க்கிறான். இதற்காகவா அழைத்து வந்தோம் என்று யோசிக்க வேண்டாமா?

மனைவியின் நிலையையும் பாருங்கள். மொழி தெரியாது. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. கைக்குழந்தையோடு நாலாவது மாடியில், காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை தனியாக இருக்கிறாள். வீட்டுக்காரர் ஆபீஸ் போக எது வசதி என்றே எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் பதினைந்து மணி நேரம் இருக்கப் போகிறவள் அவள்தானே! வீடு பார்க்கப் போகும்போது முடிந்தால் அவளையும் அழைத்துப் போங்கள். ஆண்களுக்குத் தோன்றாத கேள்விகளை அவள் கேட்பாள்.

வண்டி புறப்படும் ஸ்டேஷன்

தூரத்தில்தான் வீடு என்று ஆகிவிட்டால், எந்த ஸ்டேஷன் என்பதில் கவனமாக இருங்கள்.

தாணா, டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத், பத்லாப்பூர் ஆகிய இடங்களில் இருந்தே புறப்படும் மின்சார ரெயில்கள் உண்டு. மேற்கில் போரிவிலி, பயந்தர், விரார். துறைமுகப் பாதையில் வாஷி, பேலாப்பூர், பன்வெல். இத்தகைய ஊர்களில் காலியாக நிற்கும் வண்டியில் ஏறி உட்காரலாம். கொஞ்சம் முன்னதாகப் போனால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போவதும், ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போவதும் ஒன்றாகுமா?

நடுவில் உள்ள ஸ்டேஷன்களில் வண்டி வரும்போதே நிரம்பி வருகிறது. 2025 ஜூன் 9-ந் தேதி திவாவுக்கும் மும்பராவுக்கும் இடையே, கூட்ட நெரிசலில் வாசலில் தொங்கியபடி வந்த பயணிகள் ஓடும் ரெயிலில் இருந்து விழுந்து சிலர் உயிர் இழந்ததை மறந்துவிட முடியாது. ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போனாலும், உட்கார இடம் கிடைக்கும் ஊரே நல்லது.

கல்யாணைத் தாண்டினால் பாதை பிரிவதால், வண்டிகளின் எண்ணிக்கை குறைந்து போகிறது. ஒன்றைத் தவற விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டி வரும். ஞாயிற்றுக்கிழமையில் பராமரிப்பு வேலைக்காக 'மெகா பிளாக்' வேறு.

மூன்று மாதப் பாஸின் விலை, ஒரு மாதப் பாஸைப் போல 2.7 மடங்குதான். வேலை நிலையாக இருப்பவர்கள் மாதா மாதம் வரிசையில் நிற்காமல் மூன்று மாதத்துக்கு எடுப்பது லாபம்.

கல்யாணுக்கு ஒரு சிறப்பு உண்டு. புனே வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போகும் நீண்ட தூர ரெயில்கள் பல அங்கே நிற்கின்றன. பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது, மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் தாதருக்கோ குர்லாவுக்கோ வந்து அலைய வேண்டியது இல்லை.

"பத்து நிமிஷம், அண்ணாச்சி!"

"ஸ்டேஷன்ல இருந்து பத்தே நிமிஷம், அண்ணாச்சி!"

தமிழ் பேசும் ஏஜெண்டு இப்படித்தான் சொல்லுவார். பத்து நிமிடம் எதில் என்று கேளுங்கள். நடந்தா, ரிக்ஷாவிலா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானமா, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கா?

வீட்டை ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு வேலை நாளில், காலை ஏழு மணிக்கு, அந்த வீட்டு வாசலில் இருந்து புறப்பட்டு ஆபீஸ் வரை போய்ப் பாருங்கள். ஷேர் ரிக்ஷாவுக்கு வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியும். மாலையில் அதே வழியில் திரும்பி வாருங்கள். தெருவில் விளக்கு எரிகிறதா, ஒரு பெண் ஒன்பது மணிக்குத் தனியாக நடந்து வரக் கூடிய தெருவா என்பதும் தெரியும். மனைவியும் வேலைக்குப் போகிறவள் என்றால், இதை இரண்டு முறை பாருங்கள்.

தண்ணீர் எத்தனை மணிக்கு?

"என்னங்க, தண்ணி எப்போ வரும்னு கேட்டீங்களா?" என்று மனைவி கேட்பாள். அதுதான் சரியான கேள்வி.

மும்பை மாநகராட்சிக்கு விகார், துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைதரணா, நடு வைதரணா, பாத்சா என்று ஏழு ஏரிகளில் இருந்து தண்ணீர் வருகிறது. முலுண்டு, தகிசர், மான்கூர்டைத் தாண்டிவிட்டால் நீங்கள் வேறு நிர்வாகத்தின் கீழ் போய்விடுகிறீர்கள். தாணா, கல்யாண் - டோம்பிவிலி, வசை - விரார், நவி மும்பை, பன்வெல் ஆகியவை தனித்தனி மாநகராட்சிகள். அம்பர்நாத், பத்லாப்பூர் நகராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஏற்பாடு வேறு வேறு.

வாஷியும் பேலாப்பூரும் அடங்கிய நவி மும்பை மாநகராட்சிக்கு மோர்பே அணை சொந்தமாக இருக்கிறது. அதை அடுத்த கார்கர் பன்வெல் மாநகராட்சியைச் சேர்ந்தது. பார்க்க இரண்டும் ஒரே ஊர் போலத்தான் இருக்கும். குழாயைத் திறந்தால்தான் தெரியும்!

வீட்டுக்காரரிடம் கேட்டால் "தண்ணீர் பிரச்சினையே இல்லை" என்பார். கீழ் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கினார்களா என்று கேளுங்கள். தண்ணீர் விடியற்காலை நாலு மணிக்கு வரும் என்றால், பச்சைக் குழந்தைக்காரி தினமும் அந்த நேரத்தில் எழுந்து குடம் பிடிக்க வேண்டும்.

மழையில் ஒரு முறை

2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை பதிவானது. மித்தி ஆறு பெருகி, குர்லா பகுதி மூழ்கியது. 2019 ஜூலை 27-ந் தேதி மகாலட்சுமி எக்ஸ்பிரஸ், பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே வெள்ளத்தில் நின்றுவிட்டது. அதில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகு கொண்டு மீட்டார்கள்.

தரைத்தள வீடு என்றால் வாடகை குறைவாகத்தான் இருக்கும். ஏன் குறைவு என்று சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் சுண்ணாம்பு உரிந்து, பழுப்புக் கோடு தெரிந்தால் காரணம் அதுதான். முடிந்தால் ஜூலை மாதத்தில், நல்ல மழை நாளில் ஒரு முறை அந்தத் தெருவைப் போய்ப் பாருங்கள்.

காற்றையும் கவனியுங்கள். செம்பூரை அடுத்த மாகுலில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. தேவ்னாரில் 1927 முதல் நகரத்தின் குப்பை கொட்டப்பட்டு வந்திருக்கிறது. டோம்பிவிலி தொழிற்பேட்டையில் 2016 மே 26-ந் தேதியும், 2024 மே 23-ந் தேதியும் ரசாயன ஆலைகளில் வெடி விபத்து நடந்து உயிர்கள் போயின. செம்பூரும் டோம்பிவிலியும் தமிழர் நிறைந்து வாழும் நல்ல ஊர்கள்தான். அவற்றுக்குள் எந்த மூலை என்பதில்தான் வித்தியாசம். மூச்சு இளைப்பு உள்ள குழந்தைக்கு ஒரு மைல் தூரம்கூடப் பெரிய தூரம்.

பள்ளிக்கூடம்

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. தமிழ் வழியில் படிக்க வைக்க விரும்புகிறவர்கள், பக்கத்தில் பள்ளி இருக்கிறதா என்பதோடு, எந்த வகுப்பு வரை இருக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும். மாநகராட்சி எல்லையைத் தாண்டிய எல்லா ஊர்களிலும் இந்த வசதி கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் மராத்தி உண்டு. 2020-ல் வந்த சட்டப்படி மராட்டிய மாநிலப் பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். ஆகவே, சிறு வயதிலேயே அழைத்து வந்து, தெருக் குழந்தைகளோடு விளையாட விட்டால் மொழி தானாக வந்துவிடும். ஏழாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தால் கஷ்டப்படும். வீட்டில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக் கொடுப்பது பெற்றோர் பொறுப்பு.

இங்கே பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் திறக்கின்றன. வீடு பார்ப்பதை அதற்கு முன்பே முடித்துக் கொள்ளுங்கள். ஊர்ப் பள்ளியில் இருந்து இடமாற்றச் சான்றிதழ் வரத் தாமதம் ஆனாலும் கவலை வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தையை அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது. அதே சட்டப்படி, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் ஏழை, பின்தங்கிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு உண்டு. அதற்கு விலாசச் சான்று வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தையும் பார்ப்பார்கள்.

ராத்திரி 2 மணிக்கு

குழந்தைக்குக் காய்ச்சல் பகலில் மட்டும் வருவது இல்லை.

நள்ளிரவு தாண்டி, விடியும் முன்பு வரை சில மணி நேரம் மின்சார ரெயில் ஓடாது. அந்த நேரத்தில் எங்கே போவது? மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி, பரேலில் கே.இ.எம்., காட்கோப்பரில் ராஜாவாடி என்று பெரிய ஆஸ்பத்திரிகள் உண்டு. தாணா பக்கம் களவாவிலும், கல்யாண் பக்கம் உல்லாஸ்நகரிலும் அரசாங்கத் தரப்பு ஆஸ்பத்திரி இருக்கிறது. அவற்றில் இருந்து வீடு எவ்வளவு தூரம்? இரவு ரிக்ஷா கிடைக்குமா? பக்கத்திலே கதவைத் தட்டினால் எழுந்து வரும் டாக்டர் யாராவது உண்டா? முன்பணம் கொடுப்பதற்கு முன்பு இதைக் கேட்டு வையுங்கள்.

அக்ரிமெண்டு

மும்பையில் வாடகை அக்ரிமெண்டு பெரும்பாலும் 11 மாதத்துக்குப் போடப்படுகிறது. 1999-ம் ஆண்டு மராட்டிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-வது பிரிவு, அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. "அதெல்லாம் எதுக்கு, நம்ம ஆளுங்கதானே!" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காஸ் இணைப்புக்கும், பள்ளிக்கூடத்துக்கும், பாங்குக்கும் அந்தக் காகிதம்தான் உங்கள் விலாசம்.

"வாடகையே வேண்டாம், மொத்தமாக டிபாசிட் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. ஊரில் நகையை விற்றுப் பல லட்சத்தைக் கொடுத்துவிட்டு, திருப்பி வாங்க முடியாமல் அலைகிறவர்களும் உண்டு. வீடு உண்மையில் யார் பெயரில் இருக்கிறது என்று சொசைட்டி ஆபீசில் விசாரியுங்கள். மீன், கறி சமைக்கக் கூடாது என்று சில கட்டிடங்களில் சொல்லுகிறார்கள். குடி போன பிறகு சண்டை போடுவதைவிட முன்பே கேட்டுக் கொள்வது நல்லது.

கட்டிடமே சட்டப்படி எழுந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரல் 4-ந் தேதி மும்பராவை அடுத்த சில்பாட்டாவில், அனுமதி இல்லாமல் கட்டிய கட்டிடம் இடிந்து 74 பேர் மாண்டார்கள். 2025-ம் ஆண்டுத் தொடக்கத்தில் நாலாசோப்பாராவில் 41 சட்ட விரோதக் கட்டிடங்கள் கோர்ட்டு உத்தரவுப்படி இடிக்கப்பட்டன. கல்யாண் - டோம்பிவிலியில் போலி ஆவணங்களைக் காட்டிக் கட்டிய 65 கட்டிடங்களை இடிக்கும்படி 2024-ல் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. குடி புகலாம் என்று மாநகராட்சி கொடுக்கும் 'ஓ.சி.' சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு வரி ரசீதும் மின்சார பில்லும் மட்டும் இருந்தால் போதாது. சொந்தமாக வாங்குகிறவர்கள் வக்கீல் ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டாமல் கையெழுத்துப் போடவே கூடாது.

தமிழ் முகம்

கடைசியாக ஒன்று. அந்தத் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பமாவது இருக்கிறதா?

தமிழர் மட்டுமே இருக்கும் இடம் வேண்டும் என்பது அல்ல. குழந்தை மராத்தியும் இந்தியும் பேசி வளர வேண்டிய ஊர் இது. ஆனால் புதிதாக வந்த பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் ஒரு துணை வேண்டும். "அக்கா, இந்த ஊசி எங்கே போடுவாங்க?" என்று கேட்க ஒரு வாசல் வேண்டும். இட்லி மாவு கிடைக்கும் கடையும், வெள்ளிக்கிழமை போய் உட்கார ஒரு கோவிலும் பக்கத்தில் இருந்தால் பாதி ஏக்கம் தீரும். செம்பூர் செடா நகர் முருகன் கோவிலுக்கும் மாதுங்கா மார்க்கெட்டுக்கும் எவ்வளவோ தூரத்தில் இருந்து ரெயில் ஏறி வருகிறார்கள் அல்லவா? அதற்குக் காரணம் இந்த ஏக்கம்தான்.

ஆக, எந்த ஊர் நல்ல ஊர் என்று ஒரே பதில் சொல்ல முடியாது. வாஷி ஆபீஸ்காரருக்கு நெரூல் நல்லது. அந்தேரி தொழிலாளிக்கு மேற்குப் பாதை நல்லது. கோட்டைக் குமாஸ்தாவுக்கு, பெரிய வீடு கொண்ட பத்லாப்பூரா, சிறிய வீடு கொண்ட முலுண்டா என்பதை அவருடைய தாள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தத் தாளில் வாடகை, டிபாசிட், பாஸ் என்று எழுதிய பிறகு, இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: "குழந்தை விழித்திருக்கும்போது நான் வீட்டில் இருக்கும் நேரம்." அந்த வரியில் பூஜ்யம் வந்தால், வாடகை எவ்வளவு குறைந்தாலும் அந்த வீடு வேண்டாம். ஒரு அறை குறைந்தாலும் பரவாயில்லை. இரண்டு ஸ்டேஷன் கிட்டே வாருங்கள்.